பீரியட் கிரைம் சீரியலில் காலப்பிழை பிடிப்பது எப்படி? பீக்கி பிளைண்டர்ஸை வைத்து ஒரு பயிற்சி

முதலில் நான் பல்பு வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர ரவுடிக் கும்பலைப் பற்றிய பிரிட்டிஷ் சீரியலான பீக்கி பிளைண்டர்ஸின் முதல் சீசன் ஓடிக்கொண்டிருந்தது. தொப்பியின் முன்விளிம்பில் சவர பிளேடைத் தைத்து வைத்துக்கொண்டு, சண்டையில் அந்தத் தொப்பியாலேயே முகத்தைக் கிழிக்கிறார்கள் இல்லையா, அந்த இடத்தில் நான் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினேன். "சுத்த ரீல். அந்தக் காலத்துல பிளேடே கிடையாது, சவரக்கத்திதான்" என்றேன். மச்சான் மிக்சரை மென்றுகொண்டே, "கதை எந்த வருஷத்துல நடக்குது?" என்று கேட்டார். 1919 என்றேன். "ஜில்லெட் பிளேடு எப்ப வந்துச்சு?"

தேடினேன். 1903-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அந்த முதல் வருஷம் மொத்தமே 51 ரேசரும் 168 பிளேடும்தான் விற்றன என்பது வேறு கதை, ஆனால் முதல் உலகப்போர் முடிவதற்குள் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு மட்டும் 35 லட்சம் ரேசர் போயிருக்கிறது. 1919-ல் பிளேடு ஊரறிந்த சரக்கு. மச்சான் ஒன்றும் சொல்லாமல் ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

நான் எங்கே சறுக்கினேன் என்று அப்புறம்தான் புரிந்தது. "தொப்பியில் பிளேடு வைத்தார்கள் என்பது கட்டுக்கதை" என்று நான் எங்கோ படித்தது உண்மையான பீக்கி பிளைண்டர்ஸ் கும்பலைப் பற்றி. அந்தக் கும்பல் பர்மிங்காமில் ஆட்டம் போட்டது 1890-களில். பிளேடு அப்போது இல்லவே இல்லை, வந்த புதிதிலும் தெருவோரப் பையன்கள் வாங்கித் தொப்பியில் தைக்கும் விலையில் இல்லை. 1919-ல் பிளேடு இருந்தது, ஆனால் அந்தக் கும்பல் இல்லை. முதல் உலகப்போருக்கு முன்பே கிட்டத்தட்ட கலைந்துபோய்விட்டது. அதாவது சீரியலில் பிளேடு சரி, ஆள்தான் தப்பு! நான் நேர் தலைகீழாகக் குற்றம் சாட்டியிருக்கிறேன்.

இந்த வேலைக்கு எனக்குத் தெரிந்த ஒரே சூத்திரம் இதிலிருந்து கிடைத்ததுதான். ஒவ்வொரு பொருளுக்கும், ஆளுக்கும், அமைப்புக்கும், வார்த்தைக்கும் வந்த தேதி ஒன்று உண்டு, போன தேதி ஒன்று உண்டு. காலப்பிழை தேடுகிறவர்கள் எல்லோரும் வந்த தேதியை மட்டும் பார்க்கிறார்கள்: "இது அப்போ வந்திருக்கவே முடியாதே" என்று. ஆனால் இந்தச் சீரியலின் பெரிய பிழையே போன தேதியில் இருக்கிறது. போன தேதியைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு முன்னால் கதை நடக்கும் வருஷத்தை ஒரு பேப்பரில் எழுதிவையுங்கள். "அந்தக் காலம்" என்று மொத்தமாக எழுதக்கூடாது, வருஷமே வேண்டும். பீக்கி பிளைண்டர்ஸின் ஆறு சீசன்களும் 1919-ல் தொடங்கி 1930-களின் நடுப்பகுதி வரை போகின்றன, அந்தப் பதினைந்து வருஷத்தில் எவ்வளவோ மாறிப்போனது. உதாரணத்துக்கு, பிபிசி வானொலி ஒலிபரப்பு தொடங்கியது 1922 நவம்பரில். முதல் சீசனில் எந்த வீட்டிலாவது ரேடியோ பாடினால் கையை உயர்த்தலாம், ஐந்தாம் சீசனில் ரேடியோ இல்லாத பணக்கார வீட்டைக் காட்டினால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

வருஷம் கையில் இருந்தால், தேட ஆரம்பிக்க வேண்டியது நிஜப் பெயரோடு வரும் ஆட்களிடமிருந்து. கார் மாடலும் கோட்டுப் பொத்தானும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மனிதர்களின் பிறப்பும் இறப்பும் பதவியும் பதிவில் இருப்பதால் அரை மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

பில்லி கிம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஸ் மைதானங்களில் புக்கிகளை மிரட்டி மாமூல் வாங்கிய நிஜ மனிதர், பிறந்தது 1882-ல், பர்மிங்காமில். முதல் சீசன் கடைசியில், அதாவது 1919-ல், சீரியலின் நாயகன், கும்பல் தலைவன் டாமி ஷெல்பி அவரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார். நிஜக் கிம்பர் 1921-ல் லண்டனில் சுடப்பட்டார், ஆனால் பிழைத்துக்கொண்டார். 1945 வரை வாழ்ந்து, டார்க்கீ என்ற கடற்கரை ஊரில் செத்தார். லண்டனில் இவருக்கு எதிராக நின்ற டார்பி சபினியும் நிஜம்தான், 1950 வரை இருந்தவர். வேடிக்கை என்னவென்றால், 1920-களின் தொடக்கத்தில் ரேஸ் மைதானங்களுக்காக நடந்த நிஜச் சண்டையே கிம்பர் ஆட்களுக்கும் சபினி ஆட்களுக்கும் நடுவில்தான். இரண்டு நிஜ ரவுடிகளுக்கு நடுவே ஷெல்பி என்ற கற்பனைக் குடும்பத்தைச் செருகி, நிஜ மனிதரில் ஒருவரை இருபத்தாறு வருஷம் முன்கூட்டியே கொன்றுவிட்டார்கள்.

ஆசுவால்ட் மோஸ்லி விஷயம் இன்னும் சுவையானது, கொஞ்சம் விபரீதமானதும்கூட. ஐந்தாம் சீசன் 1929-ல் நடக்கிறது, அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்த செய்தியோடுதான் ஆரம்பம். அதில் மோஸ்லி மேடையேறி பாசிசக் கட்சி தொடங்குகிறார். நிஜத்தில் 1929-ல் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? லேபர் கட்சி எம்.பி., அதுவும் பர்மிங்காமுக்குப் பக்கத்திலேயே உள்ள ஸ்மெத்விக் தொகுதிக்கு. அந்த வருஷம் லேபர் ஆட்சிக்கு வந்ததும் அவருக்கு அமைச்சர் பதவியும் கிடைத்தது. 1930-ல் ராஜினாமா செய்தார், 1931-ல் நியூ பார்ட்டி என்று தனிக்கட்சி ஆரம்பித்துத் தேர்தலில் மண்ணைக் கவ்வினார், 1932 அக்டோபரில்தான் பாசிச யூனியன் வந்தது. மூன்று வருஷத்தை மடித்துவிட்டார்கள். "கதைக்காகச் செய்தது, விடுங்கள்" என்று தோன்றலாம். ஆனால் ஒரு இடதுசாரி அமைச்சர் மூன்றே வருஷத்தில் எப்படி அந்தப் பக்கம் போய் விழுந்தார் என்பதுதான் மோஸ்லி கதையின் உயிரே. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு ரெடிமேட் வில்லன். எனக்கு இந்தச் சீரியலில் உண்மையிலேயே உறுத்துவது இந்த ஒன்றுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நிஜ ஆளைக் கண்டதும் உடனே "தப்பு" என்று பாய்ந்துவிடாதீர்கள். தொழிற்சங்கத் தலைவி ஜெஸ்ஸி ஈடனை நான்காம் சீசனில், 1926 பொதுவேலைநிறுத்தத்தை ஒட்டிக் காட்டுகிறார்கள். அவர் பெயர் பெற்றது 1931-ல் லூக்காஸ் ஆலையில் சுமார் 10,000 பெண்கள் வேலையை நிறுத்தியபோது, அதனால் இதுவும் பிழை என்று நான் எழுதி வைத்திருந்தேன். பிறகு பார்த்தால் 1926-லேயே தன் பிரிவுப் பெண்களை வெளியே அழைத்து வந்திருக்கிறார். ஆக வருஷம் சரி. ஷெல்பியோடு காதல் மட்டும்தான் கற்பனை, ஷெல்பியே இல்லாதபோது அதைப் பிழை என்று எப்படிச் சொல்ல?

ஆட்கள் முடிந்தால் அதிகாரம். யார் யாருக்கு உத்தரவு போட முடியும் என்பது கிரைம் சீரியல்களில் அடிக்கடி கோட்டைவிடும் இடம், பார்வையாளர்களில் யாரும் கவனிப்பதும் இல்லை. முதல் சீசனில் ஸ்மால் ஹீத்தில் உள்ள பிஎஸ்ஏ தொழிற்சாலையிலிருந்து துப்பாக்கிகள் காணாமல் போகின்றன. (பிஎஸ்ஏ என்றால் பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். நாமெல்லாம் ஓட்டிய பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் சைக்கிளில் இருக்கும் பெயர் அதேதான், பர்மிங்காம் தொடர்போடு 1949-ல் சென்னையில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் வழியாக வந்தது. துப்பாக்கிக் கம்பெனியின் பெயரைத் தாங்கிய வண்டியில் டியூஷனுக்குப் போயிருக்கிறோம்.) அவற்றைக் கண்டுபிடிக்க சர்ச்சில், பெல்ஃபாஸ்டிலிருந்து கேம்ப்பெல் என்ற இன்ஸ்பெக்டரை அனுப்பிவைக்கிறார். 1919-ல் உள்துறை அமைச்சர் எட்வர்ட் ஷார்ட். சர்ச்சில் வைத்திருந்தது போர்த்துறை. ராணுவத் துப்பாக்கி என்பதால் அவருக்கு அக்கறை இருந்திருக்கும், சரி, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பர்மிங்காம் போலீசுக்கு அப்போது சார்ல்ஸ் ஹாட்டன் ராஃப்டர் என்று ஒரு தலைமை அதிகாரி இருந்தார், 1899 முதல் 1935 வரை அவர்தான். இத்தனைக்கும் அவரே பெல்ஃபாஸ்டிலிருந்து வந்தவர்! தெருக் கும்பல்களை ஒடுக்கிய பெயரும் அவருக்குத்தான். பெல்ஃபாஸ்டிலிருந்து ஒருவர் வந்து பர்மிங்காம் கும்பலை அடக்கினார் என்ற கதையின் எலும்பு நிஜம், அதற்கு இருபது வருஷம் கழித்துச் சதை வைத்திருக்கிறார்கள்.

இப்படிக் கும்பலும் அதை அடக்க வந்தவரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தள்ளிப்போயிருந்தால் அதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது, தெரிந்தே நகர்த்தியது. எழுதிய ஸ்டீவன் நைட் பர்மிங்காம்காரர், அவர் அப்பா சின்ன வயதில் கேட்டதும் பார்த்ததுமான குடும்பக் கதைகளிலிருந்து இதை எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். குடும்பக் கதைகளில் தாத்தா காலமும் அப்பா காலமும் ஒன்றாகக் கலந்துதானே இருக்கும்? நம் வீட்டிலும் "வெள்ளைக்காரன் காலத்துல" என்று ஆரம்பிக்கும் கதைகள் பல 1950-களில் நடந்தவை. எதிர்ப்பக்கத்தில் கார்ல் சின் என்ற வரலாற்றாசிரியர், அவரும் பர்மிங்காம்காரர், அவருடைய கொள்ளுத்தாத்தாவே ஒரு பீக்கி பிளைண்டர். அவர் ஆவணங்களைப் புரட்டிக் காட்டும் கும்பல் கம்பீரமாக இல்லை: 1890-ல் ஆடர்லி தெரு ரெயின்போ பப்பில் ஒருவர் பீர் கேட்காமல் இஞ்சிப் பானம் கேட்டார் என்பதற்காக அவரை மண்டை உடைய அடித்தவர்கள். போலீஸ் மியூசியத்தில் இருக்கும் புகைப்படங்களில் ஒரு பத்தொன்பது வயதுப் பையன், 1904-ல் பிடிபட்டவன், குற்றம் சைக்கிள் திருட்டு. ஸ்லோமோஷனில் கோட்டு பறக்க நடந்து வந்தவர்கள் இவர்கள் இல்லை.

அடுத்தது போலீஸ் நடைமுறையும் கோர்ட்டும். இதற்குச் சில தேதிகளை மனப்பாடம் செய்துகொண்டால் எந்த பிரிட்டிஷ் சீரியலுக்கும் உதவும். கைரேகையை வைத்து ஆளைப் பிடிக்கிறார்களா? ஸ்காட்லாண்ட் யார்டில் அந்தப் பிரிவு 1901-ல் வந்தது. அதற்கு முன்பே 1897-ல் கல்கத்தாவில் வந்துவிட்டது, வகைப்படுத்தும் முறையை உருவாக்க உழைத்த அஜிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் இருவரின் பெயரையும் விட்டுவிட்டு மேலதிகாரி ஹென்றியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கைரேகையை நம்பி பிரிட்டனில் கொலைக்குத் தண்டனை கொடுத்த முதல் வழக்கு 1905-ல். 999-க்கு போன் போடுகிறார்களா? 1937-க்குப் பிறகுதான், அதுவும் முதலில் லண்டனில் மட்டும். நீதிபதி மரச்சுத்தியலைத் தட்டுகிறாரா? எந்த வருஷமானாலும் தப்பு. இங்கிலாந்து கிரிமினல் கோர்ட்டுகளில் அந்தப் பழக்கமே கிடையாது, அது அமெரிக்கச் சரக்கு. நம் சினிமா நீதிபதிகளும் "ஆர்டர் ஆர்டர்" என்று தட்டிக்கொண்டே இருப்பதால் நமக்கு இது கண்ணில் படுவதில்லை. அதேபோல தூக்குத் தண்டனைக் கைதி வருஷக்கணக்கில் சிறையில் காத்துக்கிடந்தால் சந்தேகப்படுங்கள். அன்றைய இங்கிலாந்தில் தீர்ப்புக்கும் தூக்குக்கும் நடுவே மூன்று ஞாயிற்றுக்கிழமை போனால் போதும், அப்பீல் இருந்தால் இன்னும் சில வாரம், அவ்வளவுதான்.

பொருட்களைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன், கலை இயக்குநர்கள் அதில் கெட்டிக்காரர்கள். ஒன்றே ஒன்று: செய்தித்தாளை குளோஸப்பில் காட்டினால் நிறுத்திப் பாருங்கள். தி டைம்ஸ் பேப்பரின் முதல் பக்கம் 1966 மே மாதம் வரை முழுக்க வரி விளம்பரம்தான், கொட்டை எழுத்துத் தலைப்பெல்லாம் உள்ளே. 1920-ல் அதன் முதல் பக்கத்தில் கொலைச் செய்தி இருந்தால் ப்ராப் கம்பெனி கோட்டைவிட்டது என்று அர்த்தம். ஆனால் டெய்லி எக்ஸ்பிரஸ் என்றால் கதை வேறு, 1900-ல் தொடங்கியபோதே முதல் பக்கத்தில் செய்தி போட்ட பேப்பர் அது. பெயரைப் படிக்காமல் பேசினால் என்னைப்போல ரிமோட்டை இழப்பீர்கள்.

இடங்களில் ஏமாறுவது வேறு மாதிரி. கால்வாய் ஓரக் காட்சிகளைப் பார்த்து "அடடா பழைய பர்மிங்காம்" என்று உருகாதீர்கள். பல காட்சிகள் டட்லியில் உள்ள பிளாக் கன்ட்ரி திறந்தவெளி மியூசியத்தில் எடுத்தவை, தெருக்கள் பலவும் லிவர்பூலில். பர்மிங்காமின் பழைய நெருக்கடிக் குடியிருப்புகள் பெரும்பாலும் இடித்துத் தள்ளப்பட்டுவிட்டதால் அங்கே கேமராவை வைக்க இடமில்லை. இதைப் பிழைப் பட்டியலில் சேர்ப்பது அநியாயம். பாட்டுக்கும் அதே சலுகை. டைட்டிலில் ஒலிக்கும் ராக் பாட்டு 1994-ல் வந்தது, அதை யாரும் 1919 என்று நம்பவைக்க முயலவில்லை.

சந்தேகம் வந்தால் எங்கே சரிபார்ப்பது? "இந்தச் சீரியலின் 15 தவறுகள்" மாதிரியான பட்டியல்களை நம்பாதீர்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவை. நாடாளுமன்றத்தில் யார் எப்போது எந்தப் பதவியில் பேசினார் என்பதற்கு ஹான்சார்ட் பதிவுகள் இணையத்தில் இலவசம். லண்டன் பழைய வழக்குகளுக்கு ஓல்ட் பெய்லி (லண்டனின் கிரிமினல் கோர்ட்) தளத்தில் 1674 முதல் 1913 வரை இருக்கிறது, அன்றைக்கு ஜனங்கள் எப்படிப் பேசினார்கள் என்று பார்க்கவும் அதுவே நல்ல இடம். தெருக்களுக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் பழைய வரைபடங்கள், பர்மிங்காமும் அதில் உண்டு. தேதி போட்ட போட்டோவோ செய்தித்தாளோ ஒன்று கிடைக்கும் வரை வாயைத் திறக்க வேண்டாம்.

பிரிட்டிஷ் தேதிகள் தலைசுற்றுகிறதென்றால் முதலில் நம் ஊரில் பழகிக்கொள்ளுங்கள். எழுபதுகளில் நடக்கும் ஒரு தமிழ் கிரைம் கதை என்று வைத்துக்கொள்வோம். கடை போர்டில் "லை" எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இப்போது நாம் எழுதும் வடிவம் 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்ட பிறகு பரவியது, அதற்கு முன்னால் தும்பிக்கை போட்ட பழைய லை. இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அந்தப் போர்டுக்குப் பக்கத்தில் ஒருவர் பெரியாரின் விடுதலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் அதில் புது எழுத்துதான் இருக்க வேண்டும், பெரியார் 1935-லேயே மாற்றிவிட்டார். ஒரே ஷாட்டில் போர்டில் பழையது, பேப்பரில் புதியது, இரண்டும் சரி! போன தேதிக்கு உதாரணம் வேண்டுமென்றால் மெட்ராஸ் டவுன் பஸ்: பல்லவன் என்ற பெயர் 1997-ல் போய்விட்டது, 2000-த்தில் நடக்கும் கதையில் ஹீரோ "பல்லவன்" என்று எழுதிய பஸ்ஸில் ஏறினால் வண்டி பெயின்ட் அடிக்காமல் விட்டதா, டைரக்டரின் ஞாபகமா என்று விசாரிக்கலாம்.

கடைசியாக வீட்டில் எப்படிப் பிழைப்பது என்பது. எங்கள் வீட்டில் இப்போது சட்டம் போட்டிருக்கிறார்கள், ஒரு எபிசோடுக்கு ஒரு தடவைதான் நிறுத்தலாம். அதனால் நான் பார்க்கும்போது நேரத்தை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டு, எல்லோரும் தூங்கிய பிறகு தேடுகிறேன். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டிருக்கிறேன்: நகர்த்தியது, மடித்தது, கோட்டைவிட்டது. கும்பலின் காலம் முதலில், மோஸ்லி இரண்டாவதில். மூன்றாவதில் பீக்கி பிளைண்டர்ஸுக்கு இதுவரை நான் எழுதியது ஒன்றே ஒன்று, தொப்பி பிளேடு, அதையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் என் பெயரை எழுதி வைத்திருக்கிறார் மச்சான்.